முதல் கட்டத்துச் சொல்

ரேடியோக்காரியின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. அதில் வரிசையாக எட்டுக் கட்டங்கள்: அபிப்பிராயம், அளவு, வயது, உருவம், நிறம், ஊர், துணி, தொழில். எட்டையும் தாண்டினால் ஓர் அம்புக்குறி போட்டு, கடைசியில் ‘ஆள்’ என்று எழுதியிருக்கும். இங்கிலீஷில் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டுமாம். அளவுக்கு முன்னால் நிறம் வந்து நிற்கக் கூடாது, நிறத்துக்கு முன்னால் ஊர் மூக்கை நுழைக்கக் கூடாது. அந்த மொழியிலேயே பிறந்தவர்களுக்கு இப்படி ஒரு வரிசை இருப்பதே தெரியாதாம், வாயைத் திறந்தால் தானாக வந்து விழுமாம். நமக்குத்தான் தாள் வைத்து ஒப்பிக்க வேண்டியிருக்கிறது.

தாளை வைத்தவர் மேஜர். அந்தப் பெரிய சரக்குக் கிடங்கு வளாகத்தின் காவல் முழுவதும் அவர் பொறுப்பு. பட்டாளத்தில் இருந்தவர் என்பது பொய்யில்லை, ஆனால் அங்கே அவர் காவல் காத்தது உருளைக்கிழங்கு மூட்டைகளை. வளாகத்துக் காவலாளிகள் முப்பது பேருக்கும் சேர்த்து ஆறு தாய்மொழிகள், அதனால் ரேடியோவில் அரைகுறை இங்கிலீஷ்தான். ஒரு நாள் துணிக்கட்டு திருடியவனைத் துரத்தப் போன இரண்டு குழுக்கள் ஆளுக்கொரு ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தன. திருடன் மூன்றாவது கேட் வழியாக நடந்தே போய்விட்டான். மேஜருக்கு மானம் போயிற்று. மறுநாள் மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, இனி எல்லாரும் இந்த வரிசைப்படிதான் அடையாளம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

“பாரும்மா, இங்கிலீஷ்காரன் மூளைக்காரன். ஆளை யாருன்னு கடைசியிலதான் சொல்லுவான். ஆனா அவனைப் பத்தி நாம என்ன நினைக்கணும்கிறதை முதல் வார்த்தையிலயே சொல்லிடுவான். நமக்கு வேண்டியதும் அதுதானே?” என்றார் மேஜர், அவள் வேலை கேட்டு வந்த அன்று.

நல்ல மூளை. யாரென்று தெரிவதற்கு முன்னாலேயே எப்பேர்ப்பட்டவன் என்று முடிவு செய்துவிட வேண்டும். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அவளுக்கு வேலை வேண்டும். மாடியறையில் பதினாறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, பார்ப்பதை ரேடியோவில் சொல்லும் வேலை. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அந்த எட்டையும் வாய்க்குள் ஓட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் லாரி டிரைவர். அவன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் எழுந்து வந்தான்.

“தட்டை எங்கே வைக்கணும்னு நான் சொன்னா மண்டையில ஏறாது. இங்கிலீஷ்காரன் சொன்னா மட்டும் வரிசையா ஒப்பிப்பியோ துரைசானி?” என்று கேட்டு, கையிலிருந்த தட்டைப் பிடுங்கி அதாலேயே முகத்தில் அடித்தான். இடது புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள். வேலையில் சேர்ந்த முதல் நாள் மேஜர் அந்தத் தையலைப் பார்த்தார். எங்கேயாவது விழுந்துட்டியாம்மா என்று அவரே கேட்டு, ஆமாம் சார் என்று அவளுக்காக அவரே தலையாட்டிக்கொண்டு போனார்.

காவலாளிகள் அந்த எட்டில் ஏழு கட்டங்களை வெகு சீக்கிரம் மறந்தார்கள். யாருக்குப் பொறுமை இருக்கிறது? முதல் வார்த்தையும் இடமும் காதில் விழுந்தால் போதும். லாஸ்ட் என்றால் வழி தெரியாதவன், ஒருத்தர் போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவார். சஸ்பீஷியஸ் என்றால் இரண்டு பேர் போய் விசாரிப்பார்கள். டேஞ்சரஸ் என்றால் நான்கு பேர் லத்தியோடு ஓடுவார்கள். ஓடுகிற வேகத்தில் காதில் மாட்டிய ரேடியோ ஒயர் கழன்று தொங்கும், அதைத் திரும்ப எடுத்து மாட்டும் வழக்கம் யாருக்கும் இல்லை. அவள் மீதி ஏழு கட்டங்களையும் காற்றுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இதன் லட்சணம் இரண்டு மாதத்துக்கு முன்னால் தெரிந்தது. ஐந்தாவது கிடங்கின் பின்சுவரோரம் ஒரு ஆள் குனிந்து குனிந்து போவதைத் திரையில் பார்த்தாள். கையில் ஏதோ பளபளத்தது. வளைந்த கத்தி என்று நினைத்தாள். டேஞ்சரஸ் என்றாள். ஷார்ட், ஓல்டு, தின் என்று அவள் அடுக்கிக்கொண்டு போகும்போதே நான்கு பேரும் திரைக்குள் வந்துவிட்டார்கள். கேள்வி இல்லை, ஒன்றும் இல்லை. முதல் அடி முழங்காலில். ஆள் மடங்கி விழுந்தார். அப்புறம் தலை, தோள், தலையைப் பொத்திய விரல்கள். கையிலிருந்தது தெறித்து கேமராவுக்கு நேர் கீழே வந்து விழுந்தது. கோணி ஊசி. கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுக்க வாரம் ஒருமுறை வருகிற கிழவர் அவர். அவள் ஸ்டாப் ஸ்டாப் என்று தொண்டை கிழியக் கத்தினாள். கீழே நான்கு ஒயர்களும் நான்கு மார்புகளில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. அவர்களுக்கே கை வலித்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். வலது கண் போய்விட்டது. சாக்குத் தைக்கிறவர் அவளை ரொம்ப நேரம் மீதிக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லை அவரிடம்.

“நீதானாம்மா மேல உக்காந்து பாக்கிறவ? என்கிட்ட அப்படி என்னம்மா பாத்தே?” என்று மட்டும் கேட்டார்.

அவள் கொண்டுவந்த பழப் பையைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே வந்து, இனி செத்தாலும் அந்த வார்த்தையை வாயில் எடுப்பதில்லை என்று முடிவு செய்தாள். எடுக்கவும் இல்லை. உடைந்த பாட்டிலோடு ஒருவன் வந்தபோதும் சஸ்பீஷியஸ் என்றாள். இரண்டு பேர் போனார்கள், அதில் பயில்வான் என்று எல்லாரும் கூப்பிடுகிற காவலாளிக்கு முழங்கையில் பதினொரு தையல். அவன் அவளைக் குறை சொல்லவில்லை. மேஜர் தன் பங்குக்கு அவள் மேஜையில் ஒரு சிவப்புப் பொத்தான் பொருத்தினார். அழுத்தினால் வளாகம் முழுக்கச் சங்கு ஊதும், சங்கு கேட்டால் லத்தியைத் தாழ்த்தி அடியை நிறுத்த வேண்டும். அவர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

இப்போது கதை நடக்கிற நாளுக்கு வருவோம். பதினொரு நாளைக்கு முன்னால் அவள் புருஷனை விட்டு வந்திருந்தாள். காரணம் கேட்காதீர்கள், கேட்டால் கை வைத்த இடத்தையெல்லாம் காட்ட வேண்டியிருக்கும். அவன் விரலை மடக்கி உடைத்த அன்று, உடைந்த விரலோடு மகளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா வீடு மாறியது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்த ஒரே இடம் இந்த வளாகம்தான். வருவான் என்று அவளுக்கும் தெரியும். ஒன்றாம் கேட் திரையையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு வந்தான்.

லாரியைக் கேட்டுக்கு வெளியே ஓரமாக நிறுத்தினான். இறங்கினான். சலவைச் சட்டை, சீவிய தலை. கேட் காவலாளியைப் பார்த்துச் சிரித்தான். வலது கையை மட்டும் தொடையோடு ஒட்டி வைத்திருந்தான். சக்கரம் கழற்றும் இரும்பு ஸ்பேனரை அவன் அப்படித்தான் பிடிப்பான், நெட்டுக்குத்தாக, முழங்கை மறைவில். கேமராவுக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது.

ரேடியோவை எடுத்தாள். “ஒன்றாம் கேட். டால். மிடில் ஏஜ்ட். தின்…”

“அக்கா, முதல் வார்த்தை வரலையே?” என்றான் கேட் காவலாளி. நல்ல பையன்தான், கல்யாணமாகி ஆறு மாதம், எந்நேரமும் சிரித்த முகம்.

முதல் வார்த்தை அவள் தொண்டையில்தான் இருந்தது. அதைத் துப்பினால் போதும், நான்கு லத்திகள் வந்துவிடும். ஆனால் அதே நேரத்தில் அந்த ஒற்றைக் கண்ணும் வந்து நின்றது. அதுகூடப் பரவாயில்லை. முப்பது ஆண்கள் கேட்டுக்கொண்டிருக்கிற ரேடியோவில், என் வீட்டு ஆள் என்னைக் கொல்ல வருகிறான் என்று எப்படிச் சொல்வது? அந்த வெட்கம் இருக்கிறதே, அது அடியைவிடப் பொல்லாதது. ஒன்பது வருஷமாக மூடி மூடி வைத்தது, அவசரத்துக்கு வாயைத் திற என்றால் திறக்குமா?

“அது… என் ஹஸ்பண்டு” என்றாள்.

ரேடியோ முழுக்க ஒரே சிரிப்பு. யாரோ விசில் அடித்தான்.

“அடடே, மாமாவா! முதல்லயே சொல்லக் கூடாதாக்கா? இப்பவே மேல அனுப்பறேன்.”

“வேணாம்! அங்கேயே நிறுத்தி வை. நான் சொல்றதைக் கேளு…”

“வெயில்ல நிக்க வைக்கறதா? பாவம்க்கா அவரு. ஏதோ வீட்ல சண்டை போல. பேசினா சரியாப் போயிடும்” என்றான் அவன். திரையில் அவன் கேட்டைத் திறப்பதும், புருஷனின் தோளில் கை போட்டு மாடிப்படி இருக்கும் பக்கத்தைக் காட்டுவதும் தெரிந்தது. சல்யூட் வேறு அடித்தான். அப்புறம் இரண்டு லாரிகள் ஒன்றாக வந்து ஹாரன் அடிக்கவே, காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் போனான்.

அவள் கதவைத் தாளிட்டாள். நாற்காலியை இழுத்து முட்டுக் கொடுத்தாள். இரும்புப் படிகளில் காலடி நிதானமாக ஏறி வந்தது. அவசரமே இல்லாத காலடி. ஒன்பது வருஷமும் அந்த நிதானம்தான் அவளை நடுங்க வைத்தது, கத்திக்கொண்டு வருகிறவனிடமிருந்து தப்பி ஓடவாவது தோன்றும்.

“கதவைத் திற. பேசலாம்” என்றான் வெளியே.

“போயிடுங்க. நான் வரமாட்டேன்.”

“குழந்தை எங்கே?”

அவள் நாற்காலியைக் கதவோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

“குழந்தை எங்கேன்னு கேட்டேன்.”

கதவின் மேல்பாதி கண்ணாடி. ஸ்பேனர் அதைத் துளைத்து உள்ளே வந்தது. சில்லுகள் அவள் தலைமுடியிலும் கழுத்திலும் சிதறின. உள்ளே கை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினான். அவள் மேஜையிலிருந்த தண்ணீர்க் குடுவையைத் தூக்கி அந்தக் கையில் ஓங்கி அடித்தாள். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. அவன் கத்தவில்லை. தோளால் மோதினான், நாற்காலி சறுக்கியது, கதவு அவள் மேலேயே வந்து விழுந்தது.

முதல் அடி அவளுக்கு இல்லை. திரைகளுக்கு. ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே வந்தான். “இதைப் பாக்கத்தானே வீட்டை விட்டு வந்தே? பாரு. நல்லாப் பாரு” என்றான். கிடங்குகள், கேட்டுகள், சரக்கு இறக்கும் மேடைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. ஓட எழுந்தவளின் பின்னலைப் பிடித்து இழுத்து முகத்தை மேஜைக் கண்ணாடியில் மோதினான். கண்ணாடி விரிசல் விட்டது. அவள் மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் விரிசல் வழியாக இறங்கித் தாளில் பரவியது. அபிப்பிராயம் என்ற கட்டம் முதலில் நனைந்தது. இரண்டாம் தடவை மோதியபோது பல் ஒன்று நாக்கில் உருண்டது.

“எங்கேடி குழந்தை?”

அவள் திரும்பி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். விடவில்லை. தோல் கிழிந்து வாய்க்குள் உப்புக் கரித்தது. அவன் முதல் தடவையாக அலறினான். ஸ்பேனர் அவள் தோள்பட்டையில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்து, இடது கை அவளுடையதாக இல்லாமல் தொங்கியது. கீழே விழுந்தாள். அவன் வயிற்றில் உதைத்தான், திரும்பவும் உதைத்தான். ரேடியோவின் மைக் ஒயரோடு தொங்கி அவள் முகத்துக்கு அருகே ஆடிக்கொண்டிருந்தது. வலது கையால் எட்டிப் பிடித்தாள்.

சத்தியமெல்லாம் நினைவில்லாமல் போகவில்லை. சாக்குத் தைக்கிறவர் நினைவில்தான் இருந்தார். அவர் கேட்ட கேள்வியும் இருந்தது. என்ன பார்த்தாய் என்று கேட்டாரே, இந்தத் தடவை அவளிடம் பதில் இருந்தது.

“ரேடியோ ரூம்” என்றாள். “டேஞ்சரஸ். டால். மிடில் ஏஜ்ட். தின். பிரவுன்…” உடைந்த பல்லோடு ஒவ்வொன்றாக, எதையும் விடாமல், வரிசை மாறாமல் சொன்னாள். ஊர் சொன்னாள். காட்டன் சட்டை என்றாள். லாரி டிரைவர் என்றாள். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது ஹஸ்பண்டு என்று சொல்லவில்லை. “மேன்” என்றாள்.

லாரிகளை அனுப்பிவிட்டு ஒயரைத் திரும்ப மாட்டியிருந்த கேட் காவலாளிதான் கேட்டான், குழம்பிப்போய்: “ரேடியோ ரூம்லயா? அங்கே மாமாதானேக்கா இருக்காரு?”

மைக்கில் அதற்குப் பதிலாக அவள் அலறல்தான் போயிற்று. உடைந்த தோளைப் புருஷன் செருப்புக் காலால் மிதித்திருந்தான்.

படிகள் அதிர்ந்தன. பயில்வான் முதலில் வந்தான், பின்னால் மூன்று பேர். புருஷன் திரும்பி ஸ்பேனரைச் சுழற்றினான், அது பயில்வானின் தாடையை உரசிப் போயிற்று. அதோடு சரி. பயில்வானின் லத்தி அவன் முழங்கையில் இறங்க, ஸ்பேனர் விழுந்தது. இரண்டாவது லத்தி முழங்காலில். அப்புறம் எது யாருடைய லத்தி என்று சொல்ல முடியாது. அவன் சுருண்டான். தலையைப் பொத்திக்கொண்டான். பொத்திய விரல்களில் அடி விழுந்தது. நான்கு ஒயர்கள் நான்கு மார்புகளில் ஆடின. ஐயோ என்றான், அம்மா என்றான், அப்புறம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஒன்பது வருஷத்தில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

சிவப்புப் பொத்தான் அவள் தலைக்கு மேலே, மேஜை விளிம்பில் இருந்தது. எழுந்து முட்டி போட்டால் எட்டிவிடும்.

அவளுக்கு எழ மனமில்லை. அதை மறைப்பானேன்? அவன் விலாவில் விழுந்த ஒவ்வொரு அடியும் அவளுக்கு இனித்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அவள் மனசு எண்ணியது. தட்டுக்கு ஒன்று, விரலுக்கு ஒன்று. ஒரு லத்தி முகத்தை நோக்கி ஓங்கியது. புருஷன் தலையைத் திருப்பினான், வலது கண் அகலத் திறந்து அவளைப் பார்த்தது.

அவள் முட்டி போட்டு எழுந்தாள். நெற்றியாலேயே பொத்தானை அழுத்தினாள்.

சங்கு ஊதியது. கீழே லாரிகள் நின்றன, சுமை தூக்குகிறவர்கள் மேலே பார்த்தார்கள். ஓங்கிய லத்தி ஓங்கிய இடத்திலேயே நின்று, மெல்ல இறங்கியது. அவள் நெற்றியை எடுக்கும்வரை சங்கு ஊதிக்கொண்டே இருந்தது.

சத்தம் அடங்கியதும் புருஷனின் மூச்சு கேட்டது, கரகரவென்று. “கட்டின புருஷனை ஆள் விட்டு அடிச்சிட்டியேடி” என்றான்.

“நிறுத்தினதும் நான்தான்” என்றாள் அவள். “நீ ஒரு நாளாவது நிறுத்தினியா?” ஒன்பது வருஷமாக நீங்கள் என்று சொன்ன வாய். மாறியதை அவனும் கவனித்தான், அவளும் கவனித்தாள்.

கேட் காவலாளி மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்து வாசலில் நின்றான். உடைந்த திரைகளையும் தரையில் கிடந்த பல்லையும் அவள் தொங்கிய கையையும் பார்த்தான். அவன் முகத்தில் எப்போதும் இருக்கிற சிரிப்பு எங்கே போயிற்றோ. அழுதுவிடுவான் போலிருந்தது.

“புருஷன்னு சொன்னீங்களேக்கா…” என்றான்.

“ஆமாப்பா” என்றாள் அவள். “கடைசியில சொல்ல வேண்டியதை முதல்ல சொல்லிட்டேன்.”

பயில்வான் தன் துண்டைக் கிழித்து அவள் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினான். இன்னொருவன் ஸ்பேனரைக் காலால் தள்ளி மூலைக்கு அனுப்பினான். மேஜர் வந்து சேர்ந்தார். அறையைப் பார்த்தார், அவள் புருவத்துத் தழும்பைப் பார்த்தார். ஆம்புலன்சுக்குப் போன் போட்டு, அவளிடமே நீட்டினார்.

எத்தனை பேருக்கு அடி என்று அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது.

“ரெண்டு பேர்” என்றாள். “ஒரு பெண். ஒரு ஆள்.” கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, “பெண்ணை முதல்ல ஏத்துங்க” என்றாள்.